ராசி ரேஸர்

அந்தக் குளியலறைச் சாக்கடை மூடியைப் பார்த்தாலே சோப்புக்கு வயிற்றைப் புரட்டும். ஆறு ஆம்பிளைகளின் கால் முடி அதில் சிக்கி, நுரையோடு குழைந்து, தண்ணீரைப் போகவும் விடாமல் கொழகொழவென்று கிடக்கும். ஒருத்தனுடையது சுருட்டை, ஒருத்தனுடையது செம்பட்டை, இன்னொருத்தனுடையது துடைப்பக் குச்சி. எது யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் சோப்பு சொல்லிவிடுவான். சொல்ல முடிகிறதே என்று நினைத்தால் இன்னும் குமட்டும்.

சோப்பு என்பது அணியில் வைத்த பெயர். சைக்கிள் பந்தய அணி. ஆறு பேர் ஒரே வீட்டில் தங்கி, ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே குளியலறையை நாறடித்துக்கொண்டிருக்க, அதில் ஒருத்தன் மட்டும் எதைத் தொட்டாலும் கை கழுவப் போனால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவன் தட்டு தனி, டம்ளர் தனி, துண்டு தனி. அடுத்தவன் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் சூடு ஆறும்வரை உட்கார மாட்டான். குளிக்கும்போது சொரசொரப்பான ஒரு கல்லை வைத்துக் காலைத் தேய்ப்பான் பாருங்கள், அப்படி ஒரு தேய்ப்பு, தோல் சிவந்து எரிகிற வரைக்கும். அப்புறம் வெளியே வந்து மற்றவர்களைப் பார்த்து மூக்கைச் சுளிப்பான்.

"நீங்கள்லாம் மனுஷங்கதானாடா? வேர்வைப் பனியனோட சோபாவுல படுக்கறீங்களே, கண்றாவி!"

கோச் இதையும் பயன்படுத்திக்கொண்டார். பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் கழுவி நிரப்புகிற வேலையை சோப்பிடம் கொடுத்துவிட்டார். "இவன் கை பட்ட தண்ணின்னா கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கலாம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். சோப்புக்கு அதில் பெருமை பிடிபடாது.

ஒருநாள் காலை அவன் எழுந்து வருவதற்குள் எஞ்சின் ஆறு பாட்டிலையும் நிரப்பி வைத்திருந்தான். எஞ்சின்தான் அணியின் நட்சத்திரம். சோப்பை விட வயதில் சின்னவன், வெள்ளந்தி, யாருக்கும் எடுபிடி வேலை செய்யக் கூச்சப்படாதவன்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் தூங்கட்டும்னு நானே பிடிச்சு வெச்சுட்டேன்" என்றான், பல்லெல்லாம் தெரிய.

சோப்பு தன் பாட்டிலை எடுத்தான், மூடியைத் திறந்தான், அவன் கண்ணெதிரிலேயே தொட்டியில் கவிழ்த்தான். கழுவினான். மறுபடி பிடித்தான்.

"தப்பா எடுத்துக்காதடா" என்றான்.

எஞ்சின் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டுப் போனான்.

சைக்கிள் பந்தயத்தில் ஆறு பேர் ஓட்டினாலும் ஜெயிக்கப் போவது ஒருத்தன்தான். மற்ற ஐந்து பேரும் அவனுக்கு முன்னால் போய் எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டு, அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டு, நாக்குத் தள்ள மிதிக்க வேண்டும். அந்த ஒருத்தன் எஞ்சின். சோப்பு வருஷக்கணக்காகத் தண்ணீர் சுமக்கிறவன். அந்த ஒருத்தனாக ஒரே ஒரு பெரிய பந்தயத்தில் ஓட்டிவிட வேண்டும், அதுவும் கால் ஓய்ந்துபோவதற்குள் ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய உயிர் ஆசை. வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

இப்போது ரேஸர் சமாசாரத்துக்கு வருவோம்.

பந்தயக்காரன் காலில் முடி இருக்கக் கூடாது. விழுந்து சிராய்த்தால் கட்டுப்போட வசதி, எண்ணெய் போட்டு உருவிவிடும்போது இழுபடாது, இப்படிக் காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம், எல்லாரும் எடுக்கிறார்கள், நாமும் எடுக்கிறோம். எடுப்பதில்கூடத் தப்பில்லை. இந்த அணியில் ஒரு கண்றாவி வழக்கம் இருந்தது. பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் ஆறு பேரும் குளியலறையில் கூடி, கடைசியாக ஜெயித்தவனுடைய ரேஸரால்தான் காலை வழிக்க வேண்டும். எல்லாருக்கும் அதே ரேஸர். எல்லாருக்கும் அதே பிளேடு. தோற்கிற வரைக்கும் பிளேடை மாற்றக் கூடாது, ராசி போய்விடுமாம்! எஞ்சினுடைய ஸ்டீல் ரேஸர்தான் ரொம்ப நாளாக ராசி ரேஸர். அதைத் தொடாதவனைப் பந்தயத்துக்குத் தங்களோடு சேர்க்கவே மாட்டோம் என்று மற்றவர்கள் ஒரேயடியாக நின்றார்கள். கோச் இதில் தலையிடுவதில்லை. ஜெயிக்கிறார்கள் அல்லவா, அவருக்கென்ன.

ஐந்து பேர் தொடையிலும் முழங்காலிலும் ஊர்ந்துவிட்டு வந்த பிளேடு தன் காலில் ஊர்வதா? நினைத்தாலே சோப்புக்குத் தொண்டைக்குள் என்னவோ ஏறி வரும். அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் எல்லாரும் குறட்டை விட்டுத் தூங்கும்போது பூனை மாதிரிப் போய் ரேஸரை எடுத்துவருவான். சமையலறையில் டீ போடுகிற மின்சாரக் கெட்டிலில் அதைப் போட்டுக் கொதிக்க வைப்பான். ஆமாம், டீ கெட்டிலில்தான். கொதித்ததும் எடுத்துத் தன் காலை மழமழவென்று முதல் ஆளாக வழித்துவிட்டு, இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவான். சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, ரேஸரைத் திருப்பிப் பிடித்துச் சும்மா இரண்டு இழுப்பு. யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் அந்தக் கெட்டிலில் போட்ட டீயை ஐந்து பேரும் உறிஞ்சிக் குடிப்பார்கள். சோப்பு மட்டும் தொட மாட்டான்.

போன பந்தயத்திலும் இப்படித்தான் நடந்தது. எஞ்சின் ஜெயித்தான். தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். சில நாளில் அவனுடைய முழங்கால் மடிப்பில் ஒரு சின்னக் கொப்பளம் கிளம்பியது. கொசுக்கடி என்றான். கொசுக்கடி எலுமிச்சையளவு ஆனது, கால் வீங்கியது, காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் கீறிச் சீழை எடுத்துக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். இன்னும் இரண்டு பேருக்கும் தொடையில் சிவப்புச் சிவப்பாகப் பொரியத் தொடங்கியது.

எஞ்சின் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். கட்டுத்துணியில் மஞ்சளும் பழுப்புமாக ஈரம் கசிந்திருக்கும். பழைய இறைச்சி மாதிரி ஒரு வாடை கூடமெல்லாம் அடிக்கும். சோப்பு மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக நடந்து போவான். எஞ்சினின் தட்டை எடுத்துத் தனி அலமாரியில் வைத்தவன் அவன்தான். பாட்டிலிலும் சிவப்பு நாடா சுற்றி ஒதுக்கி வைத்தான்.

"எல்லாம் அந்த ரேஸராலதான்! எத்தனை தடவை சொன்னேன்? கேட்டீங்களாடா? ஆறு பேர் அழுக்கும் அதுல. அதுவும் யாரோட ரேஸர் அது?" என்று சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தான்.

எஞ்சின் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "என்னோடதுதான் அண்ணே. என் அழுக்குதான் எல்லாருக்கும் வந்துருச்சு. மன்னிச்சுருங்கடா" என்றான். அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான்.

மறுநாள் கோச் சோப்பைக் கூப்பிட்டார். "பெரிய பந்தயத்துக்குள்ள எஞ்சினோட கால் தேறாது. இந்தத் தடவை நீதான். மத்த நாலு பேரும் உனக்காக ஓட்டுவாங்க."

சோப்புக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே மூச்சில் இன்னொரு நினைப்பும் வந்தது. ஜெயித்துவிட்டால் ராசி ரேஸர் தன்னுடையதாகிவிடும், ஐந்து தடியன்களும் தன் ரேஸரைக் கேட்டு வந்து நிற்பார்கள். சீச்சீ! முடி என்று ஒன்று காலில் இருந்தால்தானே இந்தத் தொல்லை? வேரோடு போகட்டும். அன்றைக்கே அண்ணிக்குப் போன் போட்டான்.

அண்ணி, அதாவது அவன் அண்ணன் மனைவி, ஒரு தோல் மருத்துவமனையில் லேசர் இயந்திரம் இயக்குகிறவள். அந்தக் குடும்பத்திலேயே சோப்புக்கு ஒத்துவருகிற ஒரே ஆள். அவளும் சுத்தம் பார்ப்பாள். அவள் வீட்டில் மட்டும்தான் அவன் டம்ளரைக் கழுவாமல் தண்ணீர் குடிப்பான். வாய் மட்டும் கொஞ்சம் காரம்.

"முந்தின நாளே முழுசா வழிச்சுட்டு வா. பிடுங்காத, வேரு இருந்தாதான் லேசர் வேலை செய்யும். உன் சொந்த ரேஸர்ல வழி" என்றாள்.

அண்ணியின் லேசர் அறை சின்னது. உயரமான கட்டில், அதன்மேல் விரித்த காகிதம், ஜன்னல் இல்லாத சுவர், மூலையில் விர்ரென்று இரைகிற இயந்திரம். அரை நிஜாரோடு படுத்த சோப்பு, அண்ணி முன்னால் இப்படியா என்று கூச்சத்தில் நெளிந்தான்.

"என்னடா புதுப்பொண்ணு மாதிரி? ஒரு நாளைக்கு எத்தனை காலைப் பார்க்கறேன் தெரியுமா? எனக்குக் கால்னா வெறும் கால்தான். கண்ணாடியைப் போடு."

கண்ணை மறைக்கிற கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். காலில் ஜில்லென்று பசை விழுந்தது. மூக்குச் சளி மாதிரி இருந்தது அது. அவன் உடம்பு ஒருமுறை குலுங்கி அடங்கியது.

"உன் நிறத்துக்குச் சூட்டைக் குறைச்சு வெச்சிருக்கேன். ரப்பர் பேண்டால அடிச்ச மாதிரி சுளீர்னு இருக்கும். ஒரு தடவைல போயிடாது, நிறைய தடவை வரணும். உதிர்றதுக்கே ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் மிளகுப்பொடி தூவின மாதிரி இருக்கும். அப்ப அருவருப்பா இருக்குன்னு எனக்குப் போன் போடாத."

டப். சுளீர். டப். சுளீர்.

நாலாவது அடியில் வாடை வந்தது. கருகின முடி வாடை. அடுப்பில் விழுந்த இறகு மாதிரி. மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் அது வாய் வழியாகவும் வந்து நாக்கில் படிந்தது. சோப்பு வாழ்க்கையில் எத்தனையோ நாற்றத்தை விட்டு ஓடியிருக்கிறான். இது அவனிடமிருந்தே வந்தது, எங்கே ஓடுவது?

"உவ்வே! அண்ணி, எப்படி அண்ணி இதுல வேலை பார்க்கறீங்க?"

"எனக்கு மட்டும் சந்தன வாசனையா இருக்கா? சாப்பிடும்போதுகூட மூக்குலயே நிக்குது. வாயை மூடிக்கிட்டுப் படு."

வலது கால் முடிந்தது. அண்ணி இடது காலுக்கு வந்தாள். விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். அவள் கை நின்றுவிட்டது.

"இதென்னடா இந்தக் கால்ல இவ்வளவு கரும்புள்ளி? கொப்பளம் வந்து ஆறினதா?"

"ஆமா அண்ணி. அதான் சொன்னேனே, அந்த நாசமாப்போன ரேஸர். என்னமோ களிம்பு வாங்கிப் போட்டேன், போயிருச்சு. எஞ்சின் பயல் கால்தான் அழுகிப்போச்சு. அவன் அழுக்கு, எல்லாருக்கும் பரவிருச்சு."

"அவனுக்கு எப்ப வந்துச்சு?"

"போன பந்தயம் முடிஞ்சு நாலஞ்சு நாள்ல."

"உனக்கு?"

சோப்பு யோசித்தான். "எனக்கு... பந்தயத்துக்கு முன்னாடியே இருந்துச்சு. சின்னச் சின்னதா."

"கொப்பளம் இருக்கும்போதே அது மேலயே வழிச்சியா?"

"வழிக்காம? ஆனா நான் மத்தவங்க மாதிரி இல்ல அண்ணி" என்று சோப்பு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாத தன் சாமர்த்தியத்தை எடுத்துவிட்டான். மத்தியானத் தூக்கம், கெட்டில், முதல் ஆள், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் ஒரு பெருமை. இந்த அண்ணிக்காவது தன் அருமை புரியும் என்று நினைத்தான்.

"அப்ப நீ எடுக்கறதுக்கு முன்னாடி கொதிக்க வைக்கறே."

"ஆமா."

"உன் கால்ல போட்டதுக்கு அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"கழுவி வெச்சியா? கொதிக்க வெச்சியா?"

"நான் எதுக்கு அண்ணி கழுவணும்? அவங்க வழிக்கப் போற ரேஸர்தானே..."

வாய் பாதியில் நின்றது. இயந்திரம் மட்டும் விர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. அண்ணி கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"கல்லு வெச்சுத் தேய் தேய்னு தேய்ச்சு நீயே தோலை உரிச்சு வெச்சிருக்கே. உனக்கு அப்படித்தான் வந்திருக்கும். அந்தப் பையனுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு நான் வேற சொல்லணுமா? சுத்தமா இருந்த பிளேடுல உன் சீழைத் தடவி வெச்சுட்டு வந்திருக்கேடா!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. சோப்பு எழுந்து உட்கார்ந்தான். பூதக்கண்ணாடி இன்னும் அவன் காலுக்கு மேலேயே நின்றது. அதில் தன் தோலைப் பார்த்தான். ஒவ்வொரு துளையும் பள்ளமாக, ஓரத்தில் கறுப்பாக, பசை மினுங்க. இதுதான் போய் எஞ்சினின் முழங்கால் மடிப்பில் பழுத்ததா? கால் தன்னுடையதே இல்லை, யாரோ கொண்டுவந்து ஒட்டவைத்தது என்று தோன்றியது. ஓடிப்போய்க் கைகழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தான். அண்ணி முதுகைத் தடவிவிடவில்லை. குழாயை மட்டும் திறந்துவிட்டாள்.

"இன்னொரு கால் பாக்கி இருக்கு" என்றாள் கொஞ்சம் கழித்து.

"வேண்டாம் அண்ணி."

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கணக்கைத்தான் அவன் மனசு போட்டுப் பார்த்தது. அண்ணி மூச்சு விட மாட்டாள். பெரிய பந்தயம் வரும், நாலு பேர் அவனுக்காகக் காற்றை வாங்குவார்கள், தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார்கள். எத்தனை வருஷத்து ஆசை! வாயைத் திறந்தால் அதெல்லாம் அம்போ. வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வீட்டுக் கதவைத் திறந்தான்.

எஞ்சின் மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோப்பைக் கண்டதும் அவசர அவசரமாகத் தட்டோடு ஒரு படி மேலே நகர்ந்தான். "நீங்க போங்கண்ணே, மேல பட்டுடப் போறேன்" என்றான்.

அந்த ஒரு படியைத்தான் சோப்பால் தாண்ட முடியவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு கோச் உட்பட எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நின்றபடியே சொன்னான். ஒரு கால் லேசர் பட்டுச் சிவந்திருந்தது, மற்றது வெறுமனே இருந்தது. எதையும் மறைக்கவில்லை. கொப்பளம், பிளேடு, முதல் ஆள், கழுவாமல் வைத்தது, கெட்டில் வரைக்கும்.

"கெட்டில்லயா? நம்ம டீ கெட்டில்லயா?" என்றான் சுருட்டை முடிக்காரன். கையில் டீ டம்ளர் இருந்தது. குடித்த வாயை அப்படியே தட்டில் துப்பினான். ஒருத்தன் எழுந்து குளியலறைக்கு ஓடினான். அங்கிருந்து ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. "தூ! மனுஷனாடா நீ?" என்று இன்னொருத்தன் கத்தினான். எஞ்சின் மட்டும் தன் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தனை நாள் என்னைப் படியில உட்கார வெச்சீங்களேண்ணே" என்றான் கடைசியில். அவ்வளவுதான். எழுந்து, நொண்டிக்கொண்டே வந்து, மேஜையில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான். மற்றவர்கள் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்கள்.

கோச் தலையில் அடித்துக்கொண்டார். "இனிமே இந்த வீட்டுல அவனவனுக்கு அவனவன் ரேஸர். ராசி கீசின்னு எவனாவது வாயைத் திறந்தீங்க, தொலைச்சுப்புடுவேன்" என்றார். அப்புறம் சோப்பைப் பார்த்தார், பார்க்கப் பிடிக்காமல் வேறு பக்கம் திரும்பினார். "தலைமைக்கு வேற ஆள் இல்ல. நீயே ஓட்டு."

ஆசைப்பட்டது கையில் வந்து விழுந்தது, இப்படி!

அடுத்த நாட்களில் அவனுடைய வலது காலில் முடி உதிரத் தொடங்கியது. அண்ணி சொன்ன மாதிரியே மிளகுப்பொடி. படுக்கை விரிப்பில், காலுறைக்குள், குளிக்கும் தண்ணீரில் கறுப்புக் கறுப்பாக. ஒருநாள் சாக்கடை மூடியைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. மற்றவர்கள் எல்லாம் தங்கள் ரேஸரோடு வெளிக் குழாய்க்குப் போய்விட்டார்கள். அதில் ஒட்டியிருந்தது முழுக்க அவனுடையது. குனிந்து, வெறுங்கையால் வழித்து எடுத்தான்.

பெரிய பந்தயத்தன்று காலை எல்லாருக்கும் முன்னால் எழுந்தான். பாட்டில்களைக் கழுவினான். வெந்நீரில் ஒரு தடவை, சோப்புப் போட்டு ஒரு தடவை, மறுபடி வெந்நீரில். மூடியின் மரை இடுக்கைக்கூட விடவில்லை. நிரப்பி, துடைத்து, மேஜை மேல் வரிசையாக வைத்தான். சிவப்பு நாடா சுற்றின பாட்டிலில் நாடாவைப் பிரித்து எறிந்துவிட்டு, அதையும் நிரப்பி வைத்தான். எஞ்சின் ஓட்டப் போவதில்லை, வழியனுப்பத்தான் வருகிறான், இருந்தாலும் வைத்தான்.

நாலு பேரும் உடை மாற்றிக்கொண்டு வந்தார்கள். மேஜையைத் தாண்டிப் போனார்கள். பையிலிருந்து ஆளுக்கொரு புதுப் பாட்டிலை எடுத்து வெளிக் குழாயில் பிடித்துக்கொண்டார்கள். இவர்கள்தான் இன்றைக்கு அவனுக்கு முன்னால் போய்க் காற்றை வாங்க வேண்டும்.

எஞ்சின் கடைசியாக வந்தான். நடை கிட்டத்தட்டத் தேறியிருந்தது. மேஜை முன்னால் நின்றான். வரிசையைப் பார்த்தான், நாடா இல்லாத தன் பாட்டிலைப் பார்த்தான், கையில் எடுத்தான்.

எஞ்சின் மூடியைத் திறந்து, அவன் கண்ணெதிரிலேயே தொட்டியில் கவிழ்த்தான். கழுவினான். குழாயைத் திறந்து மறுபடி பிடித்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றான்.